கடன் நோட்டும் குடும்ப ஜெபமும்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே வாக்கியம் இருந்தது: “கர்த்தர் பார்த்துக்கொள்வார்.” சிலர் அதை நிம்மதியாக எழுதியிருந்தார்கள், சிலர் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதியிருந்தார்கள், ஒரு தங்கச்சி அதற்குக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தாள். அதனால் வேறு கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு வீட்டைப் பற்றியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டதால் யார் பெயரையும் போடவில்லை.

அக்கா, ஸ்தோத்திரம். எனக்குக் கல்யாணமாகி 11 வருஷம். கணவர் தனியார் கம்பெனியில் வேலை. குடி கிடையாது, ஞாயிறு ஆராதனை தவறாது. ஆனால் எங்களுக்குக் கடன் எவ்வளவு என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. என் நகைகள் மூன்று இடத்தில் அடகில் இருக்கின்றன. கேட்டால் “கர்த்தர் பார்த்துக்கொள்வார், உனக்கு விசுவாசம் இல்லை” என்கிறார். போன மாதம் கன்வென்ஷன் கூட்டத்தில் 20,000 ரூபாய் காணிக்கை கொடுப்பதாகப் பொருத்தனை சொல்லிவிட்டு வந்திருக்கிறார். நான் விசுவாசம் இல்லாதவளா?
— ஒரு வாசகி, தூத்துக்குடி

இல்லை. 11 வருஷமாகக் கழுத்திலிருந்தும் கையிலிருந்தும் ஒவ்வொன்றாகக் கழற்றிக் கொடுத்துவிட்டு, இன்னமும் அவரை நல்லவர் என்று எழுதுகிறீர்களே, அதற்கு எவ்வளவு விசுவாசம் வேண்டும்!

இரண்டு ராஜாக்கள் 4-ஆம் அதிகாரத்தை இன்றைக்கு ராத்திரி இரண்டு பேருமாக உட்கார்ந்து வாசியுங்கள். எண்ணெய்க் குடத்தின் கதை, ஞாயிறு பள்ளியிலேயே படித்திருப்பீர்கள். அந்த விதவையின் புருஷன் கர்த்தருக்குப் பயந்து நடந்தவன் என்று அவளே சொல்கிறாள், தீர்க்கதரிசி எலிசாவும் அதை மறுக்கவில்லை. பக்தியுள்ளவன், தீர்க்கதரிசியின் கூட்டத்தைச் சேர்ந்தவன், ஆனாலும் கடனை வைத்துவிட்டுச் செத்துப்போனான். கடன் கொடுத்தவன் வந்து நிற்பது அவனுடைய இரண்டு பையன்களை அடிமைகளாகக் கூட்டிக்கொண்டு போக. ஆக, பக்தியும் கடனும் ஒரே ஆளிடம் இருக்க முடியும் என்பதை வேதமே மறைக்காமல் எழுதி வைத்திருக்கிறது. அந்த அம்மாவுக்கு அவர் உயிரோடு இருந்தபோதே விவரம் தெரியுமா என்று அங்கே எழுதவில்லை, எனக்கு என்னவோ சந்தேகம்தான்.

நான் உனக்கு என்ன செய்யவேண்டும் என்ற கையோடு எலிசா அவளிடம் கேட்டது, வீட்டில் என்ன இருக்கிறது என்பதுதான். கணக்கு! அப்புறம் அக்கம்பக்கத்து வீடுகளில் வெறும் பாத்திரங்களைக் கேட்டு வாங்கச் சொல்கிறார். நம் தெருவில் ஒரு பெண் வீடு வீடாகப் போய்க் காலிப் பாத்திரம் கேட்டால் என்ன ஏது என்று நாலு பேர் விசாரிக்க மாட்டார்களா, அந்த வெட்கத்தையும் அவள் தாண்டினாள். பிள்ளைகள் பாத்திரம் எடுத்துக் கொடுத்தார்கள், வீட்டில் இருந்த ஒரே குடம் எண்ணெயை அவள் வார்த்தாள், பாத்திரங்கள் எல்லாம் நிறையும்வரை அது நிற்கவில்லை. அற்புதம் நடந்தது உண்மை. நடந்து முடிந்ததும் எலிசா சொன்னது, எண்ணெயை விற்றுக் கடனை அடை, மீதியைக்கொண்டு நீயும் பிள்ளைகளும் பிழையுங்கள் என்று. அற்புதத்துக்கு முன்னால் வீட்டுக் கணக்கு, பின்னால் வியாபாரம். இந்த இரண்டையும் விட்டுவிட்டு நடுவில் உள்ளதை மட்டும் பிரசங்கம் பண்ணுகிறோம், உங்கள் வீட்டுக்காரர் காதில் அதுதான் விழுந்திருக்கிறது.

உங்களுக்கு வெளியிலிருந்து புத்தி சொல்லும் தகுதி எனக்கு இல்லை, அதனால் என் வீட்டு விஷயத்தைச் சொல்கிறேன். என் வீட்டுக்காரர் ஒரு உறவுக்காரருக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தார், என்னிடம் சொல்லவில்லை. அந்த ஆள் பணம் கட்டாமல் விட்டுவிட்டார், ஒருநாள் மத்தியானம் வாசலில் வந்து நின்றவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதற்கப்புறம் இரண்டு மாதம் எங்கள் வீட்டில் ஒருநாள்கூடக் குடும்ப ஜெபம் நிற்கவில்லை. தினமும் சங்கீதம் வாசித்தோம், பாட்டுப் பாடினோம், முழங்கால் போட்டோம், ஆனால் அந்தக் கடனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் “கர்த்தர் பார்த்துக்கொள்வார்” என்பார், நான் “ஆமா, பார்த்துக்கொள்வார்” என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவேன். இரண்டு பேருமே அந்த வாக்கியத்தைக் கதவுத் தாழ்ப்பாளாகத்தான் வைத்திருந்தோம். கடைசியில் என் மகளுடைய பழைய கணக்கு நோட்டில் மீதியிருந்த தாள்களில் எழுத ஆரம்பித்தோம். அன்றைக்கு ராத்திரி போட்ட சத்தம் பக்கத்து வீட்டுக்கே கேட்டிருக்கும். அடைக்க நாலு வருஷம் ஆனது. ஆனால் ஜெபத்தில் எங்களுக்கு ஒரு உண்மையான வாக்கியம் வாயில் வந்தது அந்த ராத்திரிக்குப் பிறகுதான்.

ஜார்ஜ் முல்லரின் பெயரை உங்கள் கணவர் கேள்விப்பட்டிருப்பார். 1836-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தில் அநாதைப் பிள்ளைகளுக்கு வீடு ஆரம்பித்தவர், பத்தாயிரத்துக்கும் மேல் பிள்ளைகளை வளர்த்தவர், யாரிடமும் பணம் கேட்டதில்லை, ஜெபம் மட்டுமே பண்ணினார் என்று எல்லாக் கன்வென்ஷனிலும் சொல்வார்கள். அதே மனுஷன் வந்த காசு ஒவ்வொன்றுக்கும் கணக்கு எழுதி, அறிக்கையாக அச்சடித்தும் கொடுத்தவர். தட்டு வந்தது, கோப்பை வந்தது என்பதைக்கூட எழுதி வைத்தார். கடனுக்குச் சாமான் வாங்க மறுத்தார். அந்தப் பாதியை மேடையில் சொன்னால் “அல்லேலூயா” வராது போல, அதனால் விட்டுவிடுகிறார்கள்.

சரி, என்ன செய்யலாம். பிள்ளைகள் தூங்கின பிறகு ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். யாருக்கு, எவ்வளவு, என்ன வட்டி, எந்தத் தேதி, எது அடகில். கைமாற்றாக வாங்கின 500 ரூபாய் வரைக்கும் எழுதுங்கள். முதலில் அடகுச் சீட்டுகளின் தேதியைப் பாருங்கள், தவணை தாண்டிய நகை ஏலத்துக்குப் போய்விடும். ஏல நோட்டீஸ் ஏற்கெனவே வந்து அதை உங்களுக்குக் காட்டாமல் இருந்திருக்கலாம், கேளுங்கள். வட்டியையாவது கட்டிப் புதுப்பித்துவிட்டால் மூச்சுவிட நேரம் கிடைக்கும். அப்புறம் எந்தக் கடனுக்கு வட்டி அதிகமோ அதை முதலில் முடிக்கப் பாருங்கள். தெருவில் வாங்கிய 50,000 ரூபாய்க்கு ஐந்து வட்டி என்றால் மாதம் 2,500, வருஷத்துக்கு 30,000, அசல் அப்படியே நிற்கும். அதே பணத்துக்கு வங்கி நகைக்கடனில் மாதம் ஒரு ரூபாய் வட்டிக்கு அக்கம்பக்கமாகத்தான் வரும். ஒரு வளையலை விற்றேவிட்டு அந்த ஐந்து வட்டியை ஒழித்துக்கட்டுவது நல்லது என்றால் விற்றுவிடுங்கள். நகையை விற்பது நம் பெண்களுக்கு எவ்வளவு வலி என்று எனக்குத் தெரியும், ஆனாலும் சொல்கிறேன்.

பொருத்தனை விஷயம். நேர்ந்துகொண்டு செய்யாமல் போவதைவிட நேர்ந்துகொள்ளாமல் இருப்பதே நலம் என்று பிரசங்கி 5-ஆம் அதிகாரம் சொல்கிறது. தாய் தகப்பனுக்குச் செய்ய வேண்டியதை “கொர்பான்”, அதாவது தேவனுக்குக் காணிக்கை, என்று சொல்லித் தப்பித்துக்கொண்டவர்களை இயேசுவே கண்டித்திருக்கிறார், மாற்கு 7-இல் இருக்கிறது. உங்கள் கணவர் தப்பிக்கப் பார்க்கிறார் என்று நான் சொல்லவில்லை, கூட்டத்தில் உணர்ச்சிவசப்பட்டுச் சொல்லியிருப்பார். இரண்டு பேருமாகப் போய் போதகரிடம் நிலைமையைச் சொல்லுங்கள், கடன் முடிந்த பிறகு கொடுக்கிறோம் என்று கேளுங்கள். நல்ல போதகராக இருந்தால் புரிந்துகொள்வார். புரியவில்லை என்றால் அதுவும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்தான்.

கொடுக்கவே கூடாது என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். என் அப்பா ஒரு பனங்காட்டு ஊரில் உபதேசியாராக இருந்தார், சம்பளம் எந்த மாதமும் தேதிக்கு வந்ததில்லை, நாங்கள் ஐந்து பிள்ளைகள். அம்மா உலையில் அரிசி போடும்போதெல்லாம் ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போட்டுவிடுவாள், அது கோயிலுக்கு. மிசோரமில் 1910 முதல் சபையே இந்தப் பிடியரிசியை ஒரு முறையாக வைத்து நடத்துகிறது என்பதைப் பிற்பாடு படித்தபோது எனக்கு அம்மாவின் கைதான் ஞாபகம் வந்தது. நமக்கே இல்லையே, ஏன் எடுக்கிறாய் என்று ஒருநாள் கேட்டேன். “ஒரு பிடி குறைஞ்சா வயிறுக்குத் தெரியாதுட்டீ” என்றாள். எங்கள் வயிறுக்குத் தெரியாத அளவு எது என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது, ஏனென்றால் பானையில் மொத்தம் எவ்வளவு அரிசி இருக்கிறது என்பதை அவள் தினமும் பார்த்தாள். உங்கள் கணவர் பானைக்குள் பார்க்காமலேயே பிடி எடுக்கிறார்.

ஒன்று மட்டும் எச்சரிக்கையாகச் சொல்கிறேன். எழுதாத தாளிலோ வாசித்துப் பார்க்காத பத்திரத்திலோ, அவர் கேட்டாலும் சரி, யார் கேட்டாலும் சரி, கையெழுத்துப் போடாதீர்கள். கணக்குக் கேட்டதற்காகக் கை ஓங்கும் நிலைமை வந்தால் அது வேறு கதை, 181 என்ற பெண்கள் உதவி எண்ணைக் கைப்பேசியில் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவு தூரம் போகாது என்றுதான் உங்கள் கடிதத்தைப் பார்த்தால் எனக்குத் தோன்றுகிறது.

எங்கள் வீட்டில் ராத்திரி குடும்ப ஜெபம் முக்கால் மணி நேரம். பத்தாவது படிக்கும் மகன் கைப்பேசியை மடியில் வைத்துக்கொண்டு உட்காருகிறான், சில நாள் தூங்கியே விடுகிறான். இவர் ஜெபத்திலேயே “ஆண்டவரே, இந்தப் பையனுக்குப் புத்தியைக் கொடும், கணக்கில் 41 மார்க் வாங்கியிருக்கிறான், உமக்குத் தெரியும்” என்று சொல்லிவிடுகிறார். பையன் இப்போது வரவே மாட்டேன் என்கிறான். எப்படி அவனை உட்கார வைப்பது?
— ஒரு தாய், பாளையங்கோட்டை

வாசித்துவிட்டுச் சிரித்துவிட்டேன், மன்னியுங்கள். ஆண்டவருக்கு மார்க் தெரியும் என்றால் அவருக்கு ஏன் சொல்ல வேண்டும்? அது பையனுக்குச் சொன்னது. கண்ணை மூடிக்கொண்டு, மேல்முகவரி போட்டு, பக்கத்தில் இருப்பவனைத் திட்டுவது நம் குடும்பங்களில் ரொம்ப நாள் பழக்கம். மருமகள்களும் இதை நிறைய வாங்கியிருப்பார்கள். திட்ட வேண்டுமென்றால் கண்ணைத் திறந்து, பெயர் சொல்லி, சாப்பாட்டுக்கு முன்னாலேயே திட்டிவிடச் சொல்லுங்கள். பையனும் திருப்பிப் பதில் சொல்லலாம். ஜெபத்தில் சொன்னால் பாவம் அவன் யாருக்குப் பதில் சொல்வான்?

குடும்ப ஜெபத்தில் சண்டை வருவது புதிது இல்லை. மெதடிஸ்ட் சபைகளுக்கு வழிவகுத்த ஜான் வெஸ்லியின் அப்பா சாமுவேல் இங்கிலாந்தில் எப்வொர்த் என்ற ஊரில் குருவானவர், நம் பேச்சில் ஐயர். 1700-களின் ஆரம்பத்தில் ஒருநாள் குடும்ப ஜெபத்தில் அப்போதைய ராஜா வில்லியமுக்காக வேண்டினார், மனைவி சூசன்னா ஆமென் சொல்லவில்லை. அந்த அம்மாவுக்கு வில்லியமை ராஜாவாக ஏற்க மனசில்லை. ஐயர் அதைக் கவனித்துவிட்டார், கேட்டார், சண்டை வந்தது, வீட்டை விட்டே கிளம்பிப் போய்விட்டார், மாதக்கணக்கில்! அப்புறம் திரும்பி வந்து சமாதானமானார்கள், 1703-இல் ஜான் பிறந்தான். மெதடிஸ்ட் சபைகளின் கதையே அந்தச் சமாதானத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது என்று நினைத்தால் எனக்குச் சிரிப்பாகவும் பயமாகவும் இருக்கும். 1705-இல் அதே ஐயர் கடனுக்காகச் சிறைக்கும் போனார். முதல் கடிதம் எழுதின தங்கச்சி இதையும் வாசித்துக்கொள்ளட்டும்.

நான் சொல்ல வந்தது சூசன்னாவைப் பற்றி. 19 பிள்ளைகள் பெற்று ஏறக்குறைய பாதியைச் சின்ன வயதிலேயே பறிகொடுத்தவள். அவ்வளவு பெரிய வீட்டில் வாரத்துக்கு ஒரு சாயங்காலம் ஒரு பிள்ளை என்று வைத்து, தனியாக உட்கார்ந்து பேசுவாள். ஜானுக்கு வியாழக்கிழமை. பெரியவனாகி ஆக்ஸ்போர்டில் இருந்தபோதும் அந்த வியாழக்கிழமைச் சாயங்காலத்தை எனக்கு ஒதுக்குங்கள் என்று அம்மாவுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். கூட்டு ஜெபத்தின் நீளத்தைப் பற்றி அவர் கேட்கவில்லை பாருங்கள்.

அதனால் ராத்திரி ஜெபத்தைப் பத்து நிமிஷமாக்குங்கள். ஒரு சின்ன வேதபகுதி, ஒரு கீர்த்தனையில் பல்லவியும் ஒரு சரணமும், ஒருவர் மட்டும் ஜெபம், முடிந்தது. கைப்பேசிகளை ஒரு தட்டில் வையுங்கள், அப்பாவின் கைப்பேசி முதலில் அந்தத் தட்டுக்கு வர வேண்டும், சபை வாட்ஸப் குழுவில் என்ன வந்தாலும் சரி. மீதி அரைமணி நேரத்தை அப்பா வாரத்தில் ஒருநாள் மகனோடு தனியாகச் செலவழிக்கட்டும், பைக்கில் டீக்கடை வரை போய் வந்தாலும் போதும். உபாகமம் 6-இல் பிள்ளைகளோடு பேசச் சொன்ன இடங்களில் வீட்டில் உட்காரும்போது என்பதோடு வழியில் நடக்கும்போது என்றும்தான் இருக்கிறது. அந்தப் போக்குவரத்தில் முதல் இரண்டு வாரம் பையன் வாயே திறக்க மாட்டான். நானும் பள்ளிக்கூடத்தில் 31 வருஷம் இந்த வயசுப் பையன்களைப் பார்த்தவள், மூன்றாவது வாரம் பேசுவான். கணக்கைப் பற்றி அப்பா வாயைத் திறக்காமல் இருந்தால் இன்னும் சீக்கிரம் பேசுவான்.

நான் மட்டும் சபைக்குப் போகிறேன். கணவரும் மாமியாரும் இந்துக்கள். கணவர் தடுப்பதில்லை, வருவதும் இல்லை. சபையில் எல்லோரும் “குடும்பமாக” வருகிறார்கள். எங்கள் வீட்டைக் கிறிஸ்தவ வீடு என்று சொல்ல முடியுமா அக்கா?
— ஒரு சகோதரி, கோவில்பட்டி

தீமோத்தேயுவின் அம்மா ஐனிக்கேயாள் விசுவாசி, அப்பா கிரேக்கர் என்று மட்டும் அப்போஸ்தலர் 16-இல் எழுதியிருக்கிறது, அதற்கு மேல் அவரைப் பற்றி ஒன்றுமில்லை. பாட்டி லோவிசாள் இருந்தாள். அந்த வீட்டிலிருந்துதான் பவுலுக்கு ஒரு தீமோத்தேயு கிடைத்தான். யாரும் அந்த வீட்டுக்கு என்ன பெயர் வைப்பது என்று கேட்டதாகத் தெரியவில்லை. நீங்களும் அந்தக் கேள்வியை விட்டுவிடுங்கள்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். சபையில் சாட்சி சொல்லும்போது கணவரை “இன்னும் இருளில் இருக்கிற என் புருஷன்” என்கிறமாதிரி ஜெபக்குறிப்பாக நிறுத்துகிறீர்களா? அப்படியானால் அந்தப் பழக்கத்தை விட்டுவிடுங்கள். உங்களைத் தடுக்காமல் ஞாயிறு காலையில் பிள்ளையைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருக்கிற மனுஷன் அவர். திரும்பி வந்ததும் அவருக்குச் சூடாக ஒரு காப்பி போட்டுக் கொடுத்து, பிரசங்கத்தைச் சொல்லாமல், “பிள்ளை அழுதாளா?” என்று கேளுங்கள். மாமியாரின் மருந்து நேரம், கறி வாங்கின கணக்கு, இதிலெல்லாம் உங்கள் வார்த்தை நம்பும்படி இருந்தால் அவர்கள் உங்கள் ஆண்டவரைப் பற்றி ஒரு அபிப்பிராயத்துக்கு வந்திருப்பார்கள், உங்களிடம் சொல்லாமலே.

தம்பதியாகக் கேட்கிறோம். இருவருக்கும் வேலை, ஒரு குழந்தை. ஆயுள் காப்பீடு எடுக்கலாமென்று பார்த்தால், ஒரு கூட்டத்தில் பிரசங்கியார் “இன்சூரன்ஸ் எடுக்கிறவன் மரணத்தை நம்புகிறான்” என்றார். எடுப்பது அவிசுவாசமா?
— நாகர்கோவில்

மரணத்தை நம்பாமல் என்ன செய்வது தம்பி, அது வரத்தான் போகிறது.

ஸ்காட்லாந்தில் ராபர்ட் வாலஸ், அலெக்ஸாண்டர் வெப்ஸ்டர் என்று இரண்டு போதகர்கள் இருந்தார்கள். போதகர் இறந்துவிட்டால் மனைவியும் பிள்ளைகளும் தெருவுக்கு வந்துவிடுகிறார்களே என்று, வருஷத்துக்கு எத்தனை போதகர்கள் இறக்கிறார்கள், எத்தனை விதவைகள், எத்தனை பிள்ளைகள் என்று கணக்கெடுத்தார்கள். எடின்பரோவின் கணிதப் பேராசிரியர் மக்லாரின் அந்தக் கணக்கைச் சரிபார்த்துக் கொடுத்தார். 1744-இல் போதகர்களின் விதவைகளுக்கான நிதி ஆரம்பமானது, உயிரோடு இருக்கும் போதகர்கள் வருஷா வருஷம் பணம் கட்டுவார்கள். இன்றைக்கு உள்ள ஆயுள் காப்பீட்டுக் கணக்குமுறைக்கு அது ஒரு முன்னோடி. ஆக, இதில் முன்னால் நடந்தவர்களே பிரசங்கியார்கள்தான். எகிப்தில் யோசேப்பு வரப்போகும் பஞ்சத்துக்காக ஏழு வருஷம் விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்து வைத்ததை யாரும் அவிசுவாசம் என்று சொன்னதில்லை, அந்தப் பிரசங்கியார் உட்பட.

எடுங்கள். உயிருக்கு மட்டும் பாதுகாப்புத் தரும் டேர்ம் பாலிசிக்குப் பிரீமியம் குறைவு, முதிர்வில் பணம் திரும்பி வரும் பாலிசிகளில் அதே பிரீமியத்துக்குக் கிடைக்கும் பாதுகாப்புத் தொகை ரொம்பச் சின்னது. ஏஜென்ட் சொந்தக்காரர் என்பதற்காக எடுக்காதீர்கள். கல்யாணத்துக்கு முன் யாராவது பாலிசி எடுத்திருந்தால் நாமினி இன்னும் அம்மா பெயரிலேயே இருக்கும், போய் மாற்றுங்கள், அம்மாவிடமும் சொல்லிவிட்டே மாற்றுங்கள். பத்திரம் எந்த அலமாரியில் இருக்கிறது என்று இரண்டு பேருக்கும் தெரிய வேண்டும்.

ஜனவரி 1 ஆராதனையில் எனக்குக் கிடைத்த வாக்குத்தத்த வசன அட்டை எரேமியா 29:11. அந்த வருஷம் மார்ச்சில் அப்பா தவறிவிட்டார். அட்டை இன்னும் பீரோ கண்ணாடியில் இருக்கிறது. எடுக்கவும் முடியவில்லை, பார்க்கவும் முடியவில்லை.
— பெயர் வேண்டாம்

மகளே, எடுக்க வேண்டாம். பார்க்கவும் வேண்டாம், இப்போதைக்கு அதன்மேல் ஒரு துண்டைத் தொங்கவிட்டுக்கொள்.

என்றைக்காவது முடியும்போது அந்த அதிகாரத்தைத் தொடக்கத்திலிருந்து வாசித்துப் பார். “அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே” என்ற வரி பாபிலோனுக்குப் பிடித்துக்கொண்டு போகப்பட்டவர்களுக்கு எழுதிய கடிதத்தில் வருகிறது. அதற்கு முந்தின வசனத்தில் 70 வருஷம் என்றிருக்கிறது. அந்தக் கடிதத்தை வாசித்துக் கேட்ட எத்தனையோ அப்பாக்கள் எருசலேமைத் திரும்பிப் பார்க்காமல் அங்கேயே இறந்திருப்பார்கள். அவர்களுக்கு அதே கடிதத்தில் சொன்னது, வீடுகளைக் கட்டிக் குடியிருங்கள், தோட்டங்களை நாட்டி அவற்றின் கனியைச் சாப்பிடுங்கள் என்று. அந்த வசனம் உன் அப்பா சாக மாட்டார் என்று உனக்குச் சொல்லவில்லை, அட்டையில் அதை மட்டும் தனியாக வெட்டி அச்சடித்த நாங்கள்தான் அப்படிச் சொன்னமாதிரி ஆக்கிவிட்டோம். பெரியவர்களாகிய எங்கள்மேல் கோபப்படு.

சாப்பிடுகிறாயா? அம்மா எப்படி இருக்கிறார்கள்? அடுத்த கடிதத்தில் எழுது.

ஊரில் வீடு கட்டி முடித்துவிட்டோம் அக்கா, கீழேயும் மேலேயுமாக. கணவர் வளைகுடாவில் இருக்கிறார், கிறிஸ்துமஸ் லீவில் வருகிறார், டிசம்பர் 28 வீட்டுப் பிரதிஷ்டை. கையில் பணம் தீர்ந்துவிட்டதால் மொட்டை மாடி கைப்பிடிச் சுவரை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாமென்று விட்டுவிட்டோம். வாசல் நிலைக்கு மேல் கிரானைட்டில் வசனம் பதிக்க ஆர்டர் கொடுக்க வேண்டும். “நானும் என் வீட்டாருமோவென்றால், கர்த்தரையே சேவிப்போம்” என்ற யோசுவா 24:15 போடலாமா, சங்கீதம் 127:1 போடலாமா?
— சாயர்புரம் அருகே

இரண்டுமே நல்ல வசனம். நம் பக்கத்தில் தெருவுக்கு நாலு வீட்டில் இந்த இரண்டில் ஒன்று இருக்கும், தபால்காரர் குழம்பிவிடுகிறார். 127-ஐப் பற்றி ஒரு வார்த்தை: “கர்த்தர் வீட்டைக் கட்டாராகில், அதைக் கட்டுகிறவர்களின் பிரயாசம் விருதா” என்ற வசனத்திலும் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், அடுத்த வரியில் நகரத்தைக் காக்கிற காவலாளரும் இருக்கிறார். கர்த்தர் கட்டுகிறார் என்பதால் கொத்தனாரை வீட்டுக்கு அனுப்பிவிடவில்லை.

நான் கேட்க வந்தது வேறு. கிரானைட் கல்லுக்கு, எழுத்து வெட்டுவதற்கு, பதிக்கும் கூலிக்கு எவ்வளவு சொன்னார்கள்? அந்தப் பணத்தோடு பிரதிஷ்டைச் சாப்பாட்டில் ஒரு ஐம்பது இலையைக் குறைத்துக்கொண்டால் கைப்பிடிச் சுவரில் எவ்வளவு தூரம் போகும் என்று மேஸ்திரியிடம் கேட்டுப் பாருங்கள். பூச்சு வேலைகூட வேண்டாம், செங்கல்லாக நிற்கட்டும்.

இதற்கும் வசனம் இருக்கிறது, யாரும் கல்லில் வெட்டுவதில்லை. உபாகமம் 22:8. புதுவீடு கட்டினால், ஒருவன் மாடியிலிருந்து விழுந்து உன் வீட்டின்மேல் இரத்தப்பழி வராதபடிக்கு, மாடியைச் சுற்றிலும் கைப்பிடிச் சுவரைக் கட்டவேண்டும் என்று அப்படியே எழுதியிருக்கிறது. பத்துக் கட்டளை கொடுத்த அதே தேவன் மொட்டை மாடிக்கும் ஒரு கட்டளை கொடுத்திருக்கிறார், விழாமல் நான் பார்த்துக்கொள்கிறேன், நீ சும்மா இரு என்று சொல்லவில்லை.

28-ஆம் தேதிக்கு இன்னும் நாள் இருக்கிறது, மேஸ்திரியை இன்றைக்கே கூப்பிடுங்கள். கல்லை ஈஸ்டருக்குப் பதித்துக்கொள்ளலாம். பிரதிஷ்டைக்கு வருகிற பெரியவர்கள் வாசலில் நின்று வசனத்தை வாசிப்பார்கள், கூட வருகிற பிள்ளைகள் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு முதலில் ஓடுவது மொட்டை மாடிக்குத்தான்.